சாணார்பட்டி வெயிலில் ஒரு கண்ணாடிக் காடு

மே மாதம், பிற்பகல் இரண்டு மணி. திண்டுக்கல் – நத்தம் சாலையில் சாணார்பட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் ஒரு கை அகல நிழல் கிடைத்தாலும் அதில் ஒதுங்கிக்கொள்ளும் நேரம். சிறுமலை வெயிலில் வெளிறிப்போய்த் தெரியும். அந்த நிழலில் நின்றபடி போனைத் திறந்தால் வந்து விழும் வீடியோக்களில் ஒன்று இது: கண்ணாடிப் பெட்டி ஒன்று. உள்ளே பாசி, பெரணி, சொட்டும் தண்ணீர், லேசான பனிமூட்டம். இலைக்கு அடியிலிருந்து கட்டைவிரல் நுனியளவு நீலத் தவளை ஒன்று எட்டிப் பார்க்கிறது. பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்ததுபோல் நிறம்.

பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். பெரும்பாலும் எட்டாம் வகுப்புப் பையனோ, கல்லூரியில் படிக்கும் அக்காவோ. “இதை நம்ம வீட்ல வளர்க்க முடியுமா?”

முடியும், முடியாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலைவிடச் சுவாரஸ்யமானது அந்தப் பெட்டி. அது எப்படி வேலை செய்கிறது, சாணார்பட்டி மாதிரி ஊரில் அதற்கு என்ன நேரும், தவளைக்கு முன்னால் எதை யோசிக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிட்டால் பதில் தானாக வந்துவிடும்.

விஷம் எங்கே போகிறது?

முதலில் தவளை. டார்ட் தவளைகள் மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளைச் சேர்ந்தவை. டென்ட்ரோபாட்டிடே என்று குடும்பப் பெயர். மிகச் சிறியவை ஒன்றரை சென்டிமீட்டர், பெரியவை ஐந்து, ஆறு சென்டிமீட்டர். நம்மூர்த் தவளைகள் ராத்திரியில் கத்தும்; இவை பகலில் நடமாடுபவை. ‘என்னைத் தின்றால் செத்தாய்’ என்று எதிரிக்குச் சொல்லத்தான் அந்தப் பளீர் நிறம்.

‘டார்ட்’ என்ற பெயர் வந்தது கொலம்பியாவின் எம்பரா பழங்குடிகளால். ஊதுகுழலில் வைத்து ஊதும் சிறு அம்பின் நுனியைத் தவளையின் முதுகில் தேய்த்து வேட்டைக்குப் போவார்கள். இந்தக் குடும்பத்தின் எல்லாத் தவளைகளையும் அப்படிப் பயன்படுத்தியதில்லை. பைலோபேட்ஸ் என்ற பேரினத்தில் மூன்றே மூன்று வகைகளைத்தான். அதில் ஒன்று, 1978-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான தங்க நிறத் தவளை. அதன் அறிவியல் பெயரிலேயே ‘டெர்ரிபிலிஸ்’ என்று இருக்கிறது. ஒரு தவளையின் தோலில் இருக்கும் நஞ்சு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். பத்துப் பேரைக் கொல்ல அது போதும்.

அப்படியானால் வீடியோவில் அந்த அமெரிக்கர் கையில் ஏந்திக் காட்டுகிறாரே?

விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்தத் தவளைகள் விஷத்தைத் தாமாகத் தயாரிப்பதில்லை. காட்டில் தின்னும் எறும்பு, உண்ணி, சிறு வண்டுகளிலிருந்து எடுத்துத் தோலில் சேர்த்துவைத்துக்கொள்கின்றன. பெட்டியில் பிறந்து, பழ ஈ தின்று வளரும் தவளையிடம் விஷமே இருக்காது. தாய்வீட்டுச் சாப்பாடு நின்றதும் குணம் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதனால் ஒரு விஞ்ஞானி பட்ட பாடு பெரியது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் இருந்த ஜான் டேலி, 1970-களில் ஈக்வடாரின் சின்னஞ்சிறு டார்ட் தவளை ஒன்றிலிருந்து மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள வலிநீக்கிப் பொருளைக் கண்டார். எபிபேட்டிடின் என்று பிறகு பெயர் வந்தது. ஆராய இன்னும் கொஞ்சம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த தவளைகளில் அது துளியும் இல்லை. காட்டுத் தவளைகளைப் பிடிக்கவோ சர்வதேசக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கையிலிருந்த துளியூண்டு மாதிரியைப் பத்திரப்படுத்தி, கருவிகள் முன்னேறும்வரை காத்திருந்து, 1992-ல்தான் அதன் வேதியியல் அமைப்பை வெளியிட முடிந்தது. மருந்தாக்கும் அளவுக்கு அது பாதுகாப்பானதாக இல்லை என்பது வேறு கதை.

குடும்பப் பத்திரிகை என்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும். பெருவில் வாழும் ரானிடோமேயா இமிடேட்டர் என்ற குட்டித் தவளை ஏகபத்தினி விரதன். இலை இடுக்கில் தேங்கும் ஒரு ஸ்பூன் தண்ணீரில்தான் இதன் தலைப்பிரட்டைகள் வளர வேண்டும். அவ்வளவு தண்ணீரில் குழந்தைக்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. அப்பா தலைப்பிரட்டையை முதுகில் சுமந்து வந்து தண்ணீரில் விடுவார். பசிக்கும்போது அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா வந்து கருவுறாத முட்டை ஒன்றை இட்டுவிட்டுப் போவார், அதுதான் சாப்பாடு. இருவரில் ஒருவர் விலகினாலும் பிள்ளை பிழைக்காது. நிலம் நீர் வாழ்வனவற்றில் இணை பிரியாமல் வாழ்வதாக மரபணுச் சோதனையில் உறுதியான முதல் இனம் இதுதான் என்று 2010-ல் செய்தி வந்தது.

ஊட்டிக்கு வந்த கண்ணாடிப் பெட்டி

தென் அமெரிக்கக் காட்டைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்துத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருவது இன்றைய ஆசை என்று நினைத்தால் அது தவறு. 160 வருடங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது.

லண்டனில் நத்தானியேல் வார்டு என்று ஒரு டாக்டர். 1829-ல், ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூடிவைத்தார். பூச்சி என்ன ஆகிறது என்று பார்க்க ஆசை. பூச்சியைவிட அவரை வியக்கவைத்தது, அந்த மண்ணில் தானாக முளைத்த ஒரு பெரணியும் ஒரு புல்லும். புகை சூழ்ந்த லண்டனில் அவர் தோட்டத்துப் பெரணிகள் எல்லாம் கருகிக்கொண்டிருக்க, மூடிய பாட்டிலுக்குள் தண்ணீர் ஊற்றாமலேயே இது தழைத்தது. பகலில் ஆவியாகும் ஈரம் கண்ணாடியில் படிந்து, ராத்திரியில் மண்ணுக்கே திரும்பிவிடுகிறது. ஒரே தண்ணீர், திரும்பத் திரும்ப மழை. இன்றைய டெர்ரேரியத்துக்கு மூதாதை அந்த பாட்டில்தான்.

‘வார்டியன் பெட்டி’ என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு கப்பலேறியது. சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகள் இமயமலைத் தோட்டங்களுக்கு வந்தது இதில்தான். மலேரியாவுக்கு மருந்தான கொயினா தரும் சின்கோனா மரம் நீலகிரிக்கு வந்ததும் இதில்தான்.

அதில்தான் சாணார்பட்டிக்குத் தேவையான பாடம் இருக்கிறது. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து சேகரித்த கன்றுகள் பெட்டிகளில் புறப்பட்டன. செங்கடல் வழியே வரும்போது வெப்பம் தாங்காமல் வாடின. ஊட்டிக்கு வந்து சேர்ந்த மிச்சமும் பிழைக்கவில்லை. பெட்டிக்குள் ஈரம் இருந்தது, மண் இருந்தது, கவனித்துக்கொள்ள ஆளும் இருந்தார்கள். வெப்பத்தை மட்டும் வெளியேற்ற வழியில்லை. அதே நேரத்தில் ஈக்வடாரின் சிம்பொராசோ மலைச் சரிவில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸும் ராபர்ட் கிராஸும் திரட்டிய கன்றுகள் அடுத்த தவணையாகக் கிளம்பின. 1861 ஏப்ரலில் கிராஸ் அவற்றை ஊட்டியில் சேர்த்தபோது நானூறுக்கும் மேல் உயிரோடு இருந்தன. அரசுத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த மெக்கைவர் அவற்றிலிருந்து பதியம் போட்டுப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தது அப்படித்தான்.

ஒரு முறை தோற்று, மறு முறை ஜெயித்த பெட்டி. தோற்றதற்குக் காரணம் வெயில்.

அடியிலிருந்து மேலே

இனி பெட்டியைக் கட்டுவோம். ஒரு ஜோடி நடுத்தர டார்ட் தவளைக்கு வெளிநாடுகளில் பரவலாகச் சொல்லப்படும் அளவு 45 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 60 உயரம். மீன் தொட்டி செய்யும் கடையில் அளவு சொன்னால் ஒட்டித் தருவார்கள். ஆனால் மீன் தொட்டிபோல் மேலே திறப்பு இருக்கக் கூடாது. முன்பக்கம் கதவு வேண்டும். மேலிருந்து கை வந்தால் பருந்து வந்ததாகவே சிறு பிராணிகள் மிரளும். கண்ணாடி ஒட்டும் சிலிகான் பூஞ்சைக்கொல்லி கலக்காததாக இருக்க வேண்டும். புளித்த வாடை முழுக்கப் போகும்வரை, சில நாட்கள், திறந்து வைக்க வேண்டும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எதுவும் அதன் உடம்புக்குள் போய்விடும் என்று இதற்கு அர்த்தம்.

அடித்தளத்தில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குச் சுட்ட களிமண் உருண்டைகள். மாடித் தோட்டக் கடைகளில் கிடைப்பவைதான். மேலே தெளிக்கும் தண்ணீர் வடிந்து இங்கே தேங்கும். மண் சேறாகி நாறாது. அதன் மேல் துருப்பிடிக்காத நைலான் வலை. கொசுவலைத் துணி போதும். வலைக்கு மேல் மண்.

மண் என்றால் தோட்டத்து மண் இல்லை. அமெரிக்காவின் அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் பிறந்த ஒரு கலவை உலகம் முழுக்கப் பிரபலம். மரப்பெரணி நார் இரண்டு பங்கு, ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டு இரண்டு பங்கு, கரி, பீட், ஸ்ஃபாக்னம் பாசி ஒவ்வொரு பங்கு. ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் இறுகாது. காற்று உள்ளே போய்வரும். பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான வருடங்களில் சேர்ந்த மக்கு. தென்னந்தோப்புகள் நிறைந்த திண்டுக்கல் மாவட்டத்தில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை, தென்னை நார்க்கழிவு இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: அதில் உப்பு அதிகம். நர்சரிக்காரர்கள் செய்வதுபோல் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். போர் தண்ணீரில் உப்பு, குழாய்த் தண்ணீரில் குளோரின். உப்புத் தண்ணீரைத் தெளித்தால் ஒரு மாதத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பூத்துவிடும். செடிக்கும் தவளைக்கும் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. பிடித்துவைத்த மழைத் தண்ணீர் அதைவிட நல்லது.

செடிகளில் சிரமமே இல்லை. எல்லா வீட்டிலும் இருக்கும் மணி பிளான்ட், சுவரில் ஒட்டிப் படரும் சிறு இலை அத்தி, பெப்பரோமியா, பெரணி. புரோமிலியாட் ஒன்று கட்டாயம் வேண்டும். அன்னாசியின் உறவுக்காரச் செடி அது. இலைகள் கிண்ணம்போல் குவிந்து தண்ணீரைத் தேக்கும். மேலே சொன்ன தவளைத் தம்பதிக்கு அதுதான் பிரசவ அறை, குழந்தைகள் அறை எல்லாம். இத்தனையும் நர்சரியில் வாங்க வேண்டியவை. சிறுமலைக்குப் பைக்கில் போய்ப் பாறையிலிருந்து பாசியைப் பெயர்த்துக்கொண்டு வருவது கூடாது. காப்புக்காட்டில் அது குற்றம். போதாததற்கு, பாசியோடு வேறு என்னென்னவோ வந்து சேரும்.

மண்ணின் மேல் காய்ந்த இலைகள் பரப்ப வேண்டும். நாட்டு வாதுமை இலை இதற்குப் பேர்போனது. பள்ளிக்கூட மைதானங்களில் கொட்டிக் கிடக்கும். மருந்து அடிக்காத மரத்து இலையாக இருக்க வேண்டும். சாணார்பட்டி, நத்தம் பக்கம் மாந்தோப்பு நிறைய உண்டு. ஆனால் பூப்பிடிக்கும் காலத்தில் மருந்து தெளித்த தோப்பின் இலை இதற்கு உதவாது.

அடுத்து வருபவர்கள்தான் பெட்டியின் நிஜமான குடித்தனக்காரர்கள். ஒன்று ஸ்பிரிங்டெயில்: வெள்ளைப் புள்ளிபோல் இருக்கும், தொட்டால் துள்ளும். இன்னொன்று ஐசோபாட்: ஈரக் கல்லைப் புரட்டினால் ஓடும் சாம்பல் நிறப் பூச்சி. இவை பூஞ்சையையும் அழுகிய இலையையும் தவளையின் எச்சத்தையும் தின்று மண்ணாக்கிவிடும். குஞ்சுத் தவளைகளுக்கு ஸ்பிரிங்டெயில் தீனியாகவும் ஆகும். இவை பெருகிய பெட்டியை அடிக்கடி கழுவ வேண்டியதில்லை. புதுப் பெட்டியில் முதல் சில வாரங்கள் வெள்ளைப் பூஞ்சை படரும், பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பயப்பட வேண்டாம், இவர்கள் பந்தி போட்டுத் தீர்த்துவிடுவார்கள்.

தவளையின் முக்கியச் சாப்பாடு பறக்க முடியாத பழ ஈ. வாழைப்பழத்தைச் சுற்றும் அதே ஈதான், சிறகு குறைபட்ட வகை. மரபியல் படித்தவர்களுக்குக் கல்லூரி ஆய்வகத்துப் பால் பாட்டில்கள் ஞாபகம் வரும். மைசூர்ப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் இந்த ஈக்களுக்கென்றே ஒரு சேமிப்பு மையம் உண்டு. 25 டிகிரியில் பத்து நாளைக்கு ஒரு தலைமுறை வரும். கால்சியமும் வைட்டமினும் கலந்த பொடியில் ஈயைப் புரட்டிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தவளையின் எலும்பு வளைந்துவிடும். தவளை வளர்ப்பவர் உண்மையில் வளர்ப்பது ஈதான் என்று ஒரு கிண்டல் உண்டு. வாரத்துக்கு ஒரு புது டப்பா, வருடம் முழுக்க, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு இல்லை. நன்றாகக் கவனித்தால் ஒரு தவளை பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். எட்டாம் வகுப்பில் ஆசைப்பட்ட பையனுக்கு அப்போது கல்யாண வயது.

மண்பானை ஏன் கை கொடுக்காது?

பெட்டி தயார். இப்போது மே மாதம் வருகிறது.

டார்ட் தவளைக்கு ஏற்ற வெப்பம் 22-லிருந்து 27 டிகிரி. 30-ஐத் தாண்டினால் ஆபத்து. பெரும்பாலான வகைகள் அதற்குமேல் சில மணி நேரம்கூடத் தாங்காது. சாணார்பட்டியில் மே மாதப் பகல் 38 டிகிரியைத் தொடுவது செய்தியே இல்லை. கான்கிரீட் தளத்துக்குக் கீழே இருக்கும் மாடி அறை ராத்திரி பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும்.

“மழைக்காட்டுத் தவளைதானே, வெயில் நாட்டுப் பிராணிதானே” என்று பலர் நினைக்கிறார்கள். மழைக்காட்டின் தரை வெயில் நாடு இல்லை. மேலே மரங்கள் மூன்று நான்கு அடுக்குக் குடை பிடிக்க, கீழே வருடம் முழுக்க நிழல். கொடைக்கானல் ஏரிக் குளிரும் இல்லை, திண்டுக்கல் வெயிலும் இல்லை. மார்கழிக் காலைபோல் இதமாக, ஆனால் ஈரமாக.

“ஈரமாகத்தானே வைத்திருக்கிறோம், மண்பானைபோல் குளிர்ந்துவிடாதா?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. மண்பானை குளிர்வது அதன் மேல் கசியும் தண்ணீர் ஆவியாவதால். ஆவியாக வேண்டுமென்றால் சுற்றியுள்ள காற்று உலர்ந்திருக்க வேண்டும். திண்டுக்கல் வெயிலில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும், கடலோரத்துப் புழுக்கத்தில் அவ்வளவு ஜில்லிடாததும் இதனால்தான். தவளையும் ஒரு குட்டி மண்பானைதான், தோல் வழியே ஈரத்தை விட்டு உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும். ஆனால் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றில் ஈரம் ஏற்கெனவே நூற்றுக்குத் தொண்ணூறு. இனி ஆவியாக இடமில்லை. வெப்பம் 34, 35 என்று ஏறும்போது தவளைக்குத் தப்பிக்க வழியே கிடையாது. வெளியே பார்க்கிற நமக்கோ பெட்டி பச்சைப்பசேலென்று, பனி படர்ந்து, குளுகுளுவென்று தெரியும். கண்ணை நம்பக் கூடாத இடம் இது.

மூடியை வலையாக்கி, மேலே சின்ன ஃபேன் வைத்தால் வெப்பம் சில டிகிரி இறங்கும். கூடவே ஈரமும் போய்விடும். ஈரம் போனால் தவளை வற்றிவிடும். ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவும். நேர் வெயில் பட்டால் பேச்சே இல்லை, மூடி நிறுத்திய கார்தான்.

ஆகவே மிச்சமிருப்பது ஏ.சி. ஒரு டன் ஏ.சி. பகலும் இரவும் ஓடினால் நூறு யூனிட்டைப் பத்து நாளுக்குள் தின்றுவிடும். அது போகட்டும், கட்டணம் கட்டத் தயார் என்றே வைத்துக்கொள்வோம். கோடை மழைக் காற்றில் மரம் சாய்ந்து மூன்று மணி நேரம் கரன்ட் போனால்? இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் தாங்கும், ஏ.சி.க்குத் தாங்காது. அனுபவமுள்ளவர்கள் ஃப்ரீசரில் எப்போதும் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்திருப்பார்கள். அவசரத்துக்குத் தவளையை ஈரப் பாசியோடு சின்ன டப்பாவில் போட்டு, தெர்மோகோல் பெட்டியில், துணி சுற்றிய ஐஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். வீட்டில் யாராவது இருந்தால்தானே இது நடக்கும்? கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தால்?

தவளைக்கு மட்டும் இல்லை, அதன் சாப்பாட்டுக்கும் இதே கதைதான். 30 டிகிரியில் ஆண் பழ ஈக்கள் மலடாகிவிடும். தவளை பிழைத்தாலும் பத்து நாளில் தட்டு காலி.

பெட்டிக்குள் பிறந்த பெயர்

வெயிலைச் சமாளித்துவிடலாம் என்பவர்களுக்குச் சட்டம் காத்திருக்கிறது. டார்ட் தவளைகள் 1987 முதல் சைட்டீஸ் எனும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளன. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. இந்தியாவில் 2022-ல் திருத்தப்பட்ட காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பட்டியலை அப்படியே உள்ளே கொண்டுவந்துவிட்டது. 2024-ல் வந்த விதிகளின்படி இத்தகைய பிராணியை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், செத்தாலும், கை மாறினாலும் சொல்ல வேண்டும். “பேப்பர் எல்லாம் தேவையில்லை தம்பி, கூரியர்ல வந்துரும்” என்று வாட்ஸ்அப்பில் சொல்பவரிடம் வாங்குவது கடத்தல் சரக்கு.

அந்தச் சரக்கு எப்படி வருகிறது என்பதற்கு ஒரு காட்சி போதும். 2024 ஜனவரியில் கொலம்பியாவின் பொகோட்டா விமான நிலையத்தில் ஒரு பெண் பயணியின் பெட்டியில் 130 டார்ட் தவளைகள். பழைய கேமராவின் ஃபிலிம் டப்பாக்களில் அடைத்து, தண்ணீர் வற்றிய நிலையில். அதே நாட்டில் இவான் லோசானோ என்பவர் முறைப்படி உரிமம் பெற்று, தவளைகளை இனப்பெருக்கம் செய்து ஏற்றுமதி செய்கிறார். சட்டப்படி வளர்த்த தவளை குறைந்த விலைக்குக் கிடைத்தால் கடத்தல்காரன் காட்டுக்குப் போக மாட்டான் என்பது அவர் கணக்கு.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு நீல டார்ட் தவளை செத்தது. வீடியோவில் எட்டிப் பார்க்கிறதே, அதே நீலம். அதன் தோலில் ஒரு பூஞ்சை இருந்தது. 1999-ல் அதற்குப் பெயர் வைத்தபோது, கண்ட இடத்தையே பெயராக்கினார்கள்: பட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபாட்டிடிஸ். கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டெடுத்த அந்தப் பூஞ்சைதான் உலகத்துக் காடுகளில் தவளைகள் கொத்துக் கொத்தாகச் சாவதற்குக் காரணம் என்று தெரியவந்தது. நிலம் நீர் வாழ்வனவற்றில் 501 இனங்கள் அதனால் சரிந்தன, அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பிராணி வணிகம்தான் அதைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனதில் முக்கியப் பங்கு வகித்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தப் பூஞ்சை பதிவாகியிருக்கிறது. வேறெங்கும் இல்லாத தவளைகள் வாழும் மலை அது. 2017-ல்கூட ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தை ஒட்டிய பகுதியிலிருந்து, பன்றி மூக்குக் கொண்ட ஊதாத் தவளையின் புது இனம் ஒன்றை அறிவித்தார்கள். அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயர் அதற்கு. வெளிநாட்டுத் தவளை இருந்த பெட்டியின் தண்ணீரை வாசலில் ஊற்றினால் அது வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் கண்மாய்க்குப் போகும். வெளிநாடுகளில் பொறுப்பாக வளர்ப்பவர்கள் அடியில் தேங்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ ப்ளீச்சிங் கலந்தோதான் கொட்டுகிறார்கள்.

அப்படியானால் வயல் தவளையைப் பிடித்துப் போடலாமா? அதுவும் வேண்டாம். ஒரு காலத்தில் இந்தியா தவளைக் கால்களை டன் டன்னாக வெளிநாட்டு ஓட்டல்களுக்கு ஏற்றுமதி செய்தது. வயலில் பூச்சி பெருகி, 1987-ல் ஏற்றுமதிக்கே தடை வந்தது. டார்ட் தவளைகள் சைட்டீஸ் பட்டியலில் ஏறிய அதே வருடம். அந்தப் பட்டியலில் நம் வயல் தவளையும் 1985-லிருந்து இருக்கிறது. அந்தஸ்தில் நீலத் தவளைக்கு அது சளைத்ததில்லை.

தவளை இல்லாத பெட்டி

கண்ணாடிப் பெட்டிக்கு எந்தத் தடையும் கிடையாது. செடி, பாசி, ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் மட்டும் வைத்து ஒரு பெட்டி கட்டலாம். சின்னதாக வேண்டுமென்றால் ஊறுகாய் ஜாடியே போதும்; வார்டு ஆரம்பித்ததும் அப்படித்தான். வடக்குப் பார்த்த ஜன்னல் அருகே, கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவரோரம் வைக்க வேண்டும். உள்ளே முந்நூறு, நானூறு ரூபாய் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளையும் எண்ணை ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொண்டே வர வேண்டும். பையனுக்கு இதைவிட நல்ல கோடை விடுமுறை வேலை கிடையாது. ஏப்ரலிலிருந்து ஜூன்வரை அந்த நோட்டில் எத்தனை நாள் 30-க்குக் கீழேயே நின்றது என்று எண்ணிப் பார்த்தால், முதலில் கேட்ட கேள்விக்கு அவனே பதில் சொல்லிவிடுவான். மணி பிளான்ட் அந்த வெயிலைத் தாங்கிவிடும். மென்மையான பாசி கருகும். கருகிய இடத்தில் ஐப்பசிக் குளிருக்கு மறுபடியும் பச்சை எட்டிப் பார்க்கும்.

அந்த ஐப்பசியில் வெளியேயும் கொஞ்சம் பார்க்கலாம். நல்ல மழை பெய்து வயல் பள்ளங்களில் தண்ணீர் நின்ற ராத்திரி, டார்ச் அடித்தால் தெரியும். வருடம் முழுக்கச் சேற்று நிறத்தில் கண்ணில் படாமல் கிடந்த ஆண் தவளை, எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். தாடைக்குக் கீழே இருபுறமும் நீலப் பைகள் ஊதி ஊதி அடங்கும். சில நாளில் மஞ்சள் மங்கி, பழையபடி சேற்று நிறம் வந்துவிடும்.